நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழு இரண்டு ஆண்டுகளாக 120 குடும்பங்களுக்கு விதையும் கன்றும் கொடுத்து வீட்டுத் தோட்டம் போட வைத்திருக்கிறது. எத்தனை கிலோ காய்கறி விளைந்தது என்ற கணக்கு கையில் இருக்கிறது. குடும்பங்களின் சத்துநிலை மேம்பட்டது என்று இதை வைத்துச் சொல்லலாமா? (ஒரு வாசகி)

பதில்: அந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, சகோதரி. விளைந்ததில் எவ்வளவு விற்றார்கள், எவ்வளவு அடுப்புக்கு வந்தது, சமைத்ததில் கைக்குழந்தைக்கு எவ்வளவு போனது? கிலோக் கணக்கில் இது எதுவும் தெரியாது.

கணக்கெடுப்பு வேலைக்குப் போன முதல் ஆண்டில் ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். பாத்தி கட்டியிருந்த நேர்த்தி இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பதிவேட்டிலும் விளைச்சல் அமோகம். கிளம்பும் நேரத்தில் அந்த வீட்டு அம்மாவிடம், "நேற்று நீங்கள் என்னென்ன சாப்பிட்டீர்கள்? குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: கீரை முழுவதையும் விற்றாகிவிட்டது, பத்து மாதக் குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர்தான். விற்ற காசில் மூத்த பிள்ளைக்கு மருந்து வாங்கியிருந்தார். அதைத் தவறென்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த வீட்டைச் சத்துநிலை மேம்பட்ட குடும்பம் என்று நான் எழுதியிருந்தால் அது பொய். அன்றிலிருந்து, தோட்டத்தைப் பார்க்கும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன்.

இதற்கு முறையான வழியும் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. உணவை 10 வகையாகப் பிரித்து, முந்தைய நாள் பகலிலும் இரவிலும் அவற்றில் 5 வகையாவது சாப்பிட்டாரா என்று பார்ப்பார்கள். தானியமும் கிழங்கும் ஒரு வகை, பருப்பு ஒன்று, கொட்டைகளும் விதைகளும் ஒன்று, பால் ஒன்று, இறைச்சியும் மீனும் ஒன்று, முட்டை ஒன்று, கீரை ஒன்று, வைட்டமின் ஏ நிறைந்த காய்கனி ஒன்று, மற்ற காய்கள், மற்ற பழங்கள். 15 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டது கணக்கில் வராது. வாசனைக்குக் கிள்ளிப் போட்ட இலையைக் கீரை என்று எழுதிவிடாதீர்கள். 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலையும் சேர்த்து 8 வகை. அதில் 5 வேண்டும். ஒரு தனி ஆளைப் பார்த்து 'தேறினார், தேறவில்லை' என்று சொல்வதற்கு இது உதவாது. நூறு பேரில் எத்தனை பேர் 5 வகையைத் தொட்டார்கள், அந்த எண்ணிக்கை கூடியதா என்று பாருங்கள்.

அப்புறம், மொத்தம் எத்தனை வகை என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். காய்கறித் தோட்டம் நேரடியாக அசைக்கக்கூடியது அந்தப் பத்தில் மூன்று நான்கு வகைகளைத்தான். கீரை கூடியிருக்கிறதா, மஞ்சள் நிறக் காய்கள் கூடியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். கேட்கப் போகிறவர் விதை கொடுத்த ஆளாக இருக்கவே கூடாது. அவர் மனம் நோகக் கூடாதென்று சாப்பிடாத கீரையையும் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். நானே இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் தொடக்கத்தில் எந்த அளவும் எடுக்கவில்லை. இப்போது என்ன செய்வது? (இன்னொரு தன்னார்வலர்)

பதில்: வருத்தம்தான், ஆனால் கைவிட வேண்டாம். அடுத்து சேரப்போகும் குடும்பங்களின் பட்டியல் உங்களிடம் இருக்குமே? அவர்களுக்கு விதை கொடுக்கும் முன், ஏற்கெனவே தோட்டம் போட்ட குடும்பங்கள், இந்தப் புதுக் குடும்பங்கள் என இரு தரப்பையும் இதே மாதத்தில் ஒரே கேள்விகளால் விசாரியுங்கள். தாமாக முன்வந்து சேரும் குடும்பங்கள் என்ற வகையில் இவர்களும் அவர்களும் ஓரளவு ஒத்துப்போவார்கள். மாதம் முக்கியம். அறுவடைக் காலத்துத் தட்டையும் வறண்ட காலத்துத் தட்டையும் ஒப்பிட்டால், பருவத்தின் வேலையைத் தோட்டத்தின் பேரில் எழுதிவிடுவோம். பாதியில் தோட்டத்தை விட்டுவிட்டவர்களையும் பட்டியலில் வைத்திருங்கள். அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் எந்தத் திட்டமும் வெற்றிதான்.

கேள்வி: இரண்டு ஆண்டு கழித்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை, திட்டம் தோல்வி என்கிறார் நிதி கொடுப்பவர். சரியா?

பதில்: எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உயரம் என்பது கருவிலிருந்து முதல் 1,000 நாட்களின் கதை. தாயின் உடல்நிலை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, குடிநீர், தாய்ப்பால் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. மூன்று வயதில் தோட்டத்துக்குள் வந்த குழந்தையை அளந்து என்ன தெரியப்போகிறது? 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, வீட்டுத் தோட்டம் போன்ற வேளாண் திட்டங்கள் பற்றிய 23 ஆய்வுகளை அலசியது. திட்டம் குறிவைத்த உணவுகளை மக்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; குழந்தைகளின் வளர்ச்சியில் மாற்றம் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. பல ஆய்வுகளில் ஆட்களின் எண்ணிக்கையே போதாது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் 2010 முதல் 2012 வரை நடத்திய திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. தோட்டமும் கோழியும் மட்டுமல்லாமல், குழந்தைக்கு எப்படி ஊட்டுவது என்ற பயிற்சியையும் தாய்மாருக்குத் தொடர்ந்து கொடுத்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடியது, வயிற்றுப்போக்கு குறைந்தது, எடைக்குறைவான தாய்மாரின் எண்ணிக்கையும் குறைந்தது. உயரம் மாறவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அளந்தே ஆகவேண்டும் என்றால் ஒழுங்காக அளக்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து, அதற்கு மேலே நிற்கவைத்து. இதை மாற்றிச் செய்தாலே சுமார் 0.7 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும்.

கேள்வி: தோட்டத்தோடு கோழியும் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். முட்டை தனி உணவு வகை, கீரையால் அதை ஈடுகட்ட முடியாது. ஆனால் அடைக்கக் கூண்டும் சேர்த்துக் கொடுங்கள். தவழும் குழந்தை கோழி எச்சத்தைத் தொட்டு வாயில் வைக்கும். அடுத்த கணக்கெடுப்பில், கோழி இரவில் எங்கே அடைகிறது என்றும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்.