கொக்கி இருந்தது, கூலர் இல்லை

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். சொந்த ஊர் சோழவந்தான், கலிபோர்னியா வந்து நான்கு மாதம், பழைய எஸ்யூவி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் ஃப்ரெஸ்னோவிலிருந்து ஆர்வைனுக்கு வீடு மாறும்போது வாடகை ட்ரெய்லரை அதிலேயே மாட்டி இழுத்துப் போகலாமா, வழியில் கியர்பாக்ஸ் திடீரென்று போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது லீவில் வாடிப்பட்டியில் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் டவுன் பஸ் தூரம்தான். விஷயம் என்னவென்றால், நீங்கள் போகப்போகிற அதே ரோட்டில், அதே மாதிரி வீடு மாறும்போதுதான் என் கியர்பாக்ஸ் போனது. பதினோரு வருடம் ஆகிறது.

ஆகஸ்ட் மாதம். பேக்கர்ஸ்ஃபீல்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வெயில் 41 டிகிரி. மதுரைக் கத்திரி வெயில் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்கிற நினைப்பு வேறு. 99-ம் நெடுஞ்சாலை ஐ-5 என்கிற பெரிய நெடுஞ்சாலையில் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கிரேப்வைன் ஏற்றம் ஆரம்பிக்கும். உச்சியில் தேஹோன் கணவாய், 4,144 அடி. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறியிருப்பீர்களே, அதை இழுத்து நீட்டி நாலு லேன் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இன்ஜின் சூடாகாமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லி போர்டே வைத்திருக்கிறார்கள். நான் அணைக்கவில்லை. பின்சீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை.

பாதி ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. ஆர்பிஎம் முள் 3,000-லிருந்து 4,500-க்குப் போகிறது, வேகமோ 50, 45, 38 என்று இறங்குகிறது. அப்புறம் ஒரு வாடை. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் பாகு அடிப்பிடித்தால் வருமே, அது. "ஏதோ கருகுதுங்க" என்றாள் மனைவி. "லாரிக்காரன் பிரேக்கா இருக்கும்" என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னும் ஒன்றரை மைல் மிதித்தேன். அதற்கு மேல் டிரைவில் போட்டாலும் ரிவர்ஸில் போட்டாலும் ஒன்றுதான், வண்டி அசையவில்லை.

ஆக, திடீரென்று போகவில்லை. எனக்குத்தான் திடீரென்று தெரிந்தது. ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் சுற்றும் சுற்று அதற்குள் இருக்கும் ஆயில் வழியாகத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது. சமதளத்தில் ஒரே வேகத்தில் போனால் அது பூட்டிக்கொள்ளும், சூடு குறைவு. பாரத்தோடு ஏற்றத்தில் போனால் பூட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்குவதெல்லாம் சூடாகி ஆயிலில் இறங்கும். அந்த ஆயில் சாதாரணமாக 80, 90 டிகிரி செல்சியஸில் ஓட வேண்டியது. 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். பிறகு உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் பிடிப்பு விட்டுக் கருகும்.

என் வண்டி 5,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பின்னால் ட்ரெய்லர் மாட்டும் கொக்கியும் இருந்தது. அதை நம்பித்தான் ட்ரெய்லர் எடுத்தேன். மேனுவலைப் பிறகுதான் விரித்துப் பார்த்தேன். 5,000 என்பது கம்பெனியிலேயே டோ பேக்கேஜ், அதாவது ட்ரெய்லர் இழுப்பதற்கான சாமான்கள், போட்டு வந்த வண்டிக்கு மட்டும், அதில் கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனி கூலர் இருக்கும். அது இல்லாத வண்டிக்கு 2,000-தான். முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ வெளியில் கொக்கி மட்டும் வாங்கிப் போட்டிருக்கிறார், அதுவும் சைக்கிள் மாட்ட. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வண்டியின் வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்தால் டோ பேக்கேஜ் உண்டா இல்லையா என்று டீலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கதையை இன்று காலை திண்ணையில் அப்பாவிடம் திரும்பவும் சொன்னேன். அந்தக் காலத்தில் அலங்காநல்லூர் ஆலைக்குப் பாரவண்டியில் கரும்பு ஏற்றிப் போனவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முன்பாரமா பின்பாரமான்னு பாத்து ஏத்துனியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பார்க்கவில்லை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கடைசியில்தான் இறக்கி வந்தோம், அதனால் கதவோரமாகப் பின்னால் தள்ளிவிட்டேன். பின்பாரமான வண்டி நுகத்தடியைத் தூக்கும், மாட்டுக்குக் கழுத்தில் பிடிப்பு இருக்காது. ட்ரெய்லரும் அப்படியே. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலை ஆட்டும். கூடினால் உங்கள் வண்டியின் பின்பக்கம் அமுங்கும். பாரத்தில் 60 சதவீதம் ட்ரெய்லரின் முன்பாதியில் இருக்கட்டும். எனக்கு அன்று ஆட்டமும் இருந்தது, காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டும்போது டோ/ஹால் (பாரம் இழுக்கும்போது போடுவது) பட்டன் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஏற்றம் வருமுன்பே கியரை இறக்கி வையுங்கள். மேலும் கீழுமாகக் கியர் மாறிக்கொண்டே இருந்தால் சூடு ஏறும். ட்ரெய்லர் இழுத்தால் கலிபோர்னியாவில் 55 மைல்தான் உச்ச வேகம், பின்னால் ஹாரன் அடிப்பவன் அடித்துக்கொள்ளட்டும். முடிந்தால் விடிகாலையில் ஏறுங்கள்.

ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை, அல்லது அந்த வாடை வருகிறது என்றால் அந்த நிமிடமே ஹசார்டு விளக்கைப் போட்டு வலது ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பார்க்கில் வைத்து, இன்ஜின் சூட்டு முள் சரியாக இருந்தால் இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். ஆயிலைச் சுற்றவிடும் பம்ப்பை இன்ஜின்தான் ஓட்டுகிறது, அணைத்தால் வெந்த ஆயில் அங்கேயே நிற்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பிள்ளைகளோடு சாலைப் பக்கம் இறங்காமல் வலது கதவால் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ஓரம் குறுகலாக இருந்தால் யோசிக்காமல் அவசர உதவிக்கு 911. சரிவில் ட்ரெய்லரைக் கழற்ற மட்டும் வேண்டாம். நான் கழற்றப் போனேன். கைக்குள் வழுக்கிய அந்தக் கொக்கிச் சங்கிலி இன்னும் கனவில் வருகிறது.

உங்கள் ரோடு சர்வீஸ் மெம்பர்ஷிப் காரை மட்டும் தூக்கும், ட்ரெய்லருக்கு வேறு பிளான் என்பார்கள். கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை ட்ரெய்லர் என்றால் வாடகைக் கம்பெனியின் உதவி எண்ணும் கையில் இருக்கட்டும். காரை ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றச் சொல்லுங்கள், நாலு சக்கர டிரைவ் வண்டியைச் சக்கரம் உருள இழுத்தால் மிச்சமிருப்பதும் போகும்.

இனி காசு. கார் இன்சூரன்ஸ் இதற்குத் தராது, அது விபத்துக்கும் திருட்டுக்கும்தான். நம் ஊரில் கிளட்ச் பிளேட் போனால் பட்டறையில் இறக்கிப் போட்டு மாற்றிவிடுவார்கள். அங்கே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் பெரும்பாலும் முழுசாக மாற்றச் சொல்வார்கள். என்னை இழுத்துப் போன இடத்தில் "பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்கள். பதற்றத்தில் கையெழுத்துப் போட்டேன். பிரித்துப் போட்ட பிறகு வண்டியை வேறு எங்கே கொண்டுபோவது? 4,600 டாலர். எழுத்தில் எஸ்டிமேட் தந்து உங்கள் சம்மதம் வாங்காமல் வேலை தொடங்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. பிரித்துப் பார்க்கும் வேலையானால் திரும்ப மாட்டும் கூலியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து.

என்னைக் கேட்டால், கூலர் இல்லாத வண்டியென்றால் ட்ரெய்லரை மறந்துவிட்டு 15 அடி டிரக் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், காரை மனைவி ஓட்டி வரட்டும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் எடை ஸ்டிக்கரையும் வின் நம்பரையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் பக்கம் வருவேன். வீட்டில் ஏதாவது கொடுத்துவிடுவதாக இருந்தால் இரண்டு கிலோவுக்குள் கட்டி வைக்கச் சொல்லுங்கள், என் பெட்டி ஏற்கெனவே 21 கிலோ.