பழங்காட்டு மரம் அல்ல என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி: நூலகம் ஒன்றின் புதிய கட்டடத்திற்குத் தரைப்பலகைகளும் அலமாரிகளும் வாங்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. "சட்டப்படி வெட்டிய மரம்தான், வெட்டிய இடத்தில் கன்றுகளும் நடுகிறோம்" என்கிறார் விற்பனையாளர். தொன்மையான காடுகளை அழித்து எடுத்த மரம் அல்ல என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விற்பனையாளர் சொல்லும் இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவை உங்கள் கேள்விக்கு விடையாகா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பல நூறு ஆண்டு வயதுடைய மரங்கள் அரசு உரிமத்தின் பேரிலேயே வெட்டப்பட்டன. 1993-இல் கிளேக்குவாட் சவுண்ட் பகுதியில் அதை மறித்து நின்ற 800-க்கும் மேற்பட்டோர்தான் கைது செய்யப்பட்டார்கள். கன்று நடுவதும் ஈடாகாது. மார்பிள்ட் மர்ரலெட் என்னும் கடற்பறவை வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலில் கழித்தாலும், தன் ஒற்றை முட்டையை இடுவதற்குப் பாசி படர்ந்த அகன்ற கிளைகளையுடைய முதிய ஊசியிலை மரங்களையே பெரும்பாலும் நாடி வருகிறது. அத்தகைய கிளை உருவாக ஒரு மரத்திற்கு நூற்றாண்டுகள் தேவை. தோட்டமாக நட்ட மரங்களோ அதற்கு வெகு முன்பே அறுவைக்குப் போய்விடும்.

ஆகவே விற்பனையாளரிடம் நீங்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டியவை வேறு: மரத்தின் அறிவியல் பெயர் என்ன, எந்த நாட்டின் எந்தக் காட்டுப் பகுதியில் வெட்டப்பட்டது, அது இயற்கைக் காடா, ஒருமுறை வெட்டியபின் மீண்டும் வளர்ந்த மறுவளர்ச்சிக் காடா, தோட்டமா? வணிகப் பெயரை மட்டும் ஏற்காதீர்கள். 'மகோகனி' என்ற பெயரில் தொடர்பே இல்லாத பல மரங்கள் விற்கப்படுகின்றன. வெட்டிய இடத்தைச் சொல்ல இயலாது என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம், நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனாலும், மரம் வெட்டிய நிலத்தின் புவியிட அளவைகளையே (அட்சரேகை, தீர்க்கரேகை) கேட்கிறது. ஆகவே, கேட்கக் கூடாததை நீங்கள் கேட்கவில்லை.

பொறுப்புடன் பேணப்படும் காடுகளுக்குச் சான்று வழங்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.எஸ்.சி.யின் (Forest Stewardship Council) முத்திரை உதவும், ஆனால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். '100%' என்றிருந்தால் மரம் முழுவதும் சான்று பெற்ற காடுகளிலிருந்து வந்தது. 'மிக்ஸ்' என்றிருந்தால் சான்று பெறாத காட்டின் மரமும் அதில் கலந்திருக்கலாம். பொருளின் மீதுள்ள முத்திரையைவிட விலைப்பட்டியல்தான் முக்கியம்: சான்றிதழ் எண்ணும் சான்று வகையும் அதில் அச்சாகியிருக்க வேண்டும், அந்த எண்ணைப் பொதுத் தரவுத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். என்றாலும், இம்முத்திரை பழங்காட்டில் வெட்டுவதை முற்றிலும் தடை செய்வதில்லை. எனவே மேற்சொன்ன கேள்விகளைக் கைவிடாதீர்கள்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்றுண்டு. முடிச்சே இல்லாத, ஒரே துண்டாக அகன்ற ஊசியிலை மரப்பலகைதான் வேண்டும் என்று நீங்கள் எழுதினால், பருத்த முதிய மரத்தையே கேட்டவராகிறீர்கள். இளமரத்தின் தண்டில் கிளைகள் இருந்த இடமெல்லாம் பலகையில் முடிச்சாகத் தெரியும். குறுகிய துண்டுகளை இணைத்து ஒட்டிய பலகைகளும் சிறு முடிச்சுகளும் ஏற்கப்படும் என்று எழுதுங்கள். புத்தகத்தின் எடையைத் தாங்க அவை போதும். நெருக்கமான ஆண்டு வளையங்களைக் கொண்டு வயதைக் கணிக்க முயல வேண்டாம். குளிர்நாட்டு மறுவளர்ச்சி மரங்களிலும் அவை நெருங்கியே இருக்கும்.

ஒரு நூலகத்தின் ஆணையால் என்ன ஆகும் என்று தயங்காதீர்கள். வாங்குவோர் மறுத்ததால்தான் பெருநிறுவனங்கள் அசைந்தன. அருகிவரும் காடுகளின் மரத்தை 2002-க்குள் விற்பனையிலிருந்து விலக்குவதாக வீட்டுக் கட்டுமானப் பொருள்களை விற்கும் அமெரிக்கப் பெருநிறுவனமான ஹோம் டிப்போ 1999-இல் அறிவித்தது. அத்தகைய சந்தை அழுத்தமும் அம்மண்ணின் முதற்குடிகளின் உறுதியும் சேர்ந்தே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரேட் பேர் மழைக்காட்டில் 85 விழுக்காட்டு வனத்தை வெட்டிலிருந்து விலக்கிய 2016-ஆம் ஆண்டு உடன்பாட்டுக்கு வழி செய்தன.

ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இந்த நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள்: "மரத்தின் அறிவியல் பெயரும் வெட்டிய இடமும் ஆவணத்துடன் தரப்பட வேண்டும், பழங்காட்டு மரம் ஏற்கப்படாது, பிந்தித் தெரியவந்தால் சரக்கு திருப்பி அனுப்பப்படும்." விலை பேசி முடித்த பிறகு இதைச் சேர்ப்பது கடினம். நிறைவான பதில் எவரிடமிருந்தும் வராவிட்டால், பழைய கட்டடங்களில் கழற்றிய மரத்தைத் தேடுங்கள். அதற்கும் எந்தக் கட்டடத்திலிருந்து எடுத்தது என்ற சான்றைக் கேட்டுப் பெறுங்கள்.