தொகை எழுதாத செக் கொடுத்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

கேள்வி: என் மகன் ஐடிஐ முடித்து, விலை உயர்ந்த கைக்கடிகாரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் சிஎன்சி மெஷின் ஓட்டப் பயிற்சிக்குச் சேர்ந்தான். இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் விட்டால் 2 லட்சம் என்று எழுதி, என்னிடம் கையெழுத்து மட்டும் போட்ட செக்கும் அவனுடைய அசல் சான்றிதழ்களும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடமாக உலோகச் சுருள் அள்ளவிட்டார்கள். மெஷினைத் தொடவிடவில்லை. போர்மேன் எல்லார் முன்னாலும் கேவலமாகத் திட்டினார். பையன் நின்றுவிட்டான். செக்கை வங்கியில் போடுவோம் என்கிறார்கள். நான் வழக்குப் போடலாமா?
வாசகர், வியாசர்பாடி

பதில்: மகன் பட்டது பெரிய அவமானம்தான். ஆனால் போர்மேன் திட்டியதை வைத்து வழக்குப் போட்டால் செலவுதான் மிஞ்சும். உங்கள் கடிதத்தில் முக்கியமானது அந்த செக் மட்டும்தான். அது உங்கள் கணக்குச் செக். மாட்டப்போவது மகன் இல்லை, நீங்கள்.

வெற்றுச் செக் செல்லாது என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள், நம்பாதீர்கள். மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கில் தொகையை வேறொருவர் எழுதினாலும், அதைக் கடனுக்காகத் தந்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கடன் இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

என்னிடம் வந்த குடும்பங்கள் பல சறுக்கியது இதற்கு அப்புறம்தான். செக்குக்குப் பணம் தராதீர்கள் என்று வங்கியில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அப்படித் திரும்பிய செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில், அதாவது செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு வரும். தபாலில் வரும் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள். சரியான விலாசத்துக்கு வந்திருந்தால் கிடைத்ததாகவே கொள்ளப்படும், பணம் கட்டுவதற்கான 15 நாள் கெடு ஓடிவிடும். எல்லாவற்றையும்விட மோசம், பயத்தில் வாட்ஸ்அப்பில் "கொஞ்சம் டைம் குடுங்க சார், கட்டிடுறேன்" என்று எழுதுவது. கடனை ஒப்புக்கொண்டதற்கு அதுவே சாட்சியாகிவிடும். வீட்டில் யாரும் அவர்களுக்கு எதுவும் எழுத வேண்டாம்.

மகனுடைய ஒப்பந்தம் 1961 தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி பதிவானதா என்று இன்றே பாருங்கள். பதிவாகியிருந்தால் தகராறு தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியிடம் போக வேண்டும். பயிற்சிச் செலவு எவ்வளவு என்பதைக் கம்பெனி தானாக முடிவு செய்ய முடியாது. பதிவாகவில்லை என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு: 2 லட்சம் என்பது உச்சவரம்பு, நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். மெஷினைத் தொடவே விடாதவர்கள் என்ன பயிற்சிச் செலவு காட்டுவார்கள்? உங்கள் மனக்குறையில் சட்டத்துக்கு உதவுவது இது ஒன்றுதான். அவன் செய்த வேலைக்கு ஆதாரம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் நடுவில் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற பத்திரமே செல்லாது என்று அடம்பிடிக்காதீர்கள். 2025-ல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் 2 லட்ச ரூபாய் பத்திரம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

என் யோசனை, ஒரு வக்கீலை வைத்துப் பேசி முடியுங்கள். செக் வழக்கு அவர்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் நடக்கும். அந்தக் கிளை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தால், வாய்தாவுக்கு வாய்தா வியாசர்பாடியிலிருந்து அங்கே கூலியை விட்டுவிட்டு அலைவீர்கள். ஒரு நியாயமான தொகைக்கு ஒத்துக்கொண்டு, இனி பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். அசல் செக்கும் சான்றிதழ்களும் கைக்கு வரும்போதுதான் பணம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.