கல் உப்பில் கடல் வருமா? பவளத் தொட்டிக்காரர்களின் கேள்விகள்

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கிறேன். அதற்குக் கடல்நீர் தயாரிக்கக் கடையில் விற்கும் மெரைன் சால்ட் விலை கட்டுப்படியாகவில்லை. தூத்துக்குடி கல் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே, அதையே கரைத்தால் என்ன?

கடலிலிருந்து வந்ததுதான். ஆனால் கடல் முழுவதும் அதில் வரவில்லை. உப்பளத்தில் நீர் பாத்தி பாத்தியாகச் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். அதற்குப் பிறகுதான் நாம் குழம்பில் போடும் சோடியம் குளோரைடு படிகமாகிறது. கடைசியில் மிஞ்சுகிற கசப்பு நீரில்தான் மெக்னீசியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். அதை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் உப்பு கசக்கும். ஆக, உங்கள் கையில் இருக்கும் கல்லில் கால்சியம் முன்பே கழன்றுவிட்டது, மெக்னீசியம் பின்னால் போய்விட்டது. கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில் இருக்கும். பவளத்துக்கு இவை இரண்டும் வேண்டும். கல் உப்பைக் கரைத்தால் உப்பு மீட்டர் கடல்நீரைப் போலவே 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) காட்டும், நாக்கும் கரிக்கும். பவளம் ஏமாறாது.

எனக்குக் கோவளம் பக்கம்தான். கேனில் கடல்நீரே பிடித்துவந்தால்?

செய்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் முகத்துவாரம் வழியாக மழைநீர் கடலில் கலந்து, கரையோரத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். மழைநீரோடு ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துதான் வரும். எடுத்தே தீருவேன் என்றால் மழைக்காலத்தைத் தவிர்த்து, முகத்துவாரத்திலிருந்து தள்ளிப்போய்ப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் உப்பை அளந்துவிட்டே ஊற்றுங்கள். நீரோடு நிறுத்திக்கொள்வதும் முக்கியம். ராமேஸ்வரம் போன இடத்தில் ஒரு சிறு பவளத் துண்டு என்று பையில் போட்டுவிடாதீர்கள். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டும் வம்புதான்.

வீட்டில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் போதாதா?

மிஷின் குழாயில் வரும் நீரில் டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு மிஷின்களில், சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். 60, 80 என்று காட்டும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. இன்னொன்றைத்தான் நான் அதிகம் பயப்படுவேன்: ‘காப்பர்’ என்று விளம்பரம் செய்கிற மாடல்கள். செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், பவளத்தையும் விடாது. மெம்பிரேனுக்கு (மிஷினுக்குள் நீரை வடிக்கும் சவ்வு) அடுத்தே ஒரு கிளை பிரித்து, மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாக விட்டு, மீட்டர் 0 காட்டும் நீரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

20 லிட்டர் கேனுக்கு எத்தனை கிராம் உப்பு? கலக்கியதும் பால் மாதிரி வெளுத்துவிட்டது, அடியில் வெள்ளையாக ஒட்டியும் இருக்கிறது.

700 கிராமில் ஆரம்பியுங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு ஈரம் வேறுபடும், அதனால் கடைசிக் கைப்பிடியைத் தராசு சொல்லாது, மீட்டர்தான் சொல்லும். குறி 35 பிபிடி. வெளுத்ததற்குக் காரணம், நீங்கள் வாளியில் உப்பைக் கொட்டிவிட்டு அதன் மேல் தண்ணீரைத் திறந்திருப்பீர்கள். முதல் சில நிமிடம் அடியில் உப்பு மிகக் கெட்டியாக இருக்கும், அப்போது கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாக இறங்கிவிடும். அது திரும்பக் கரையாது. முதலில் தண்ணீர், அதில் பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு மோட்டார்) ஓடட்டும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் ஊற்றினாலும் இதே கதிதான்.

என் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) 35 என்கிறது, நண்பருடையது 32 என்கிறது. யாரை நம்புவது?

இருவரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஆர்.ஓ. நீரை வைத்து 0-வில் நிறுத்திவிட்டால் 35-இல் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 35-க்கான திரவத்தை வைத்தே சரிபாருங்கள். கடையில் கிடைக்காவிட்டால் 963.5 கிராம் சுத்த நீரில் 36.5 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரையுங்கள். அது கண்ணாடியில் 35 பிபிடி கடல்நீரைப் போலவே ஒளியை வளைக்கும். மேலே நான் விரட்டிய உப்புக்கு இங்கே ஒரு வேலை!

முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் முள்ளில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். குமிழி முள்ளைத் தூக்கி, இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டும். நான் ஆரம்பத்தில் இரண்டு இறாலை இப்படித்தான் தொலைத்தேன்.

200 லிட்டர் தொட்டி. வெயில் காலத்தில் ஃபேன் போட்டால் தினமும் 2 லிட்டர் குறைகிறது. கலந்து வைத்த உப்பு நீரையே ஊற்றிவருகிறேன், சரியா?

உடனே நிறுத்துங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே இருக்கிறது. தினம் 2 லிட்டர் என்றால் பத்து நாளில் சுமார் 700 கிராம் உப்பைக் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள். 35 இருந்தது 38.5 ஆகியிருக்கும். குறைவதற்கு வெறும் ஆர்.ஓ. நீர்தான் ஊற்ற வேண்டும். ஏறிவிட்டதை ஒரே நாளில் இறக்கவும் வேண்டாம், நாளுக்கு 1 பிபிடி போதும்.

தொட்டி நீரில் உணவு, கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 40. ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றிவிடவா?

கணக்குப்படி 20-க்கு வந்துவிடும். ஆனால் உங்கள் உப்பு 11 டி.கே.எச். (நீரின் கார்பனேட் அளவு) தரக்கூடியது, தொட்டி 8-இல் இருக்கிறது என்று வையுங்கள். பாதி மாற்றினால் ஒரு மணி நேரத்தில் 1.5 எகிறும். பவளம் நுனியில் வெளுக்க அது போதும். வாரம் 10 சதவீதம் என்றால் ஏற்றம் 0.3 மட்டுமே, நாலு வாரத்தில் நைட்ரேட்டும் 26 வாக்கில் நிற்கும். நீங்கள் உணவைக் குறைத்தால்தான் இது நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது நீரின் சூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்: மொட்டைமாடியில் இருந்த வாளியை அப்படியே ஏசி அறைத் தொட்டியில் கவிழ்க்கக் கூடாது.

எடுத்த பழைய நீரைத் தென்னைக்கு ஊற்றலாமா? குழியில் உப்புப் போடுகிறோமே?

போடுவது எப்போதாவது ஒரு கைப்பிடி. நீங்கள் வாரம் 20 லிட்டர் ஊற்றினால் வருடத்துக்கு 36 கிலோ. தென்னையே தாங்கினாலும் பக்கத்தில் இருக்கும் முருங்கையும் கருவேப்பிலையும் தாங்காது. பாத்ரூமில் கொட்டிவிடுங்கள்.