கடையில் பிடிபட்ட 16 வயதும் 19 வயதும்: கனடாவில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டம் இல்லை

தம்பி, நீங்கள் எழுதியது இதுதான்: ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதம். உங்கள் 16 வயது மகனும், ஸ்டூடன்ட் விசாவில் வந்து உங்களோடு தங்கிப் படிக்கும் 19 வயது மருமகனும் மோலில் ஒரு கடையில் 90 டொலர் வாசனைப் போத்தலோடு பிடிபட்டார்கள். இருவருக்கும் இதுதான் முதல் தடவை. மகன் ஜெயிலுக்குப் போவானா, குடும்பத்தின் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) பறிபோகுமா என்று கேட்கிறீர்கள்.

மகனுக்கு இரண்டும் நடக்காது. நீங்கள் பயப்பட வேண்டியது மருமகனை நினைத்து.

குற்றம் ஒன்றுதான், 5,000 டொலருக்கு உட்பட்ட திருட்டு. ஆனால் 12 முதல் 17 வயது வரையானவர்களுக்கு 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இளையோர் குற்றவியல் சட்டம் தனியாக இருக்கிறது. சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதுதான் கணக்கு. வழக்கு முடிய முன் 18 ஆனாலும் மகன் இளையோர் வழக்கில்தான் இருப்பான். வன்முறை இல்லாத முதல் குற்றத்துக்கு நீதிமன்றத் தண்டனை இல்லாமலே தீர்வு போதும் என்பதே அந்தச் சட்டத்தின் தொடக்கப் புள்ளி.

பொலிஸ் தந்த கடதாசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு திகதிகள் இருக்கும். ஒன்று நீதிமன்றத்துக்கு, மற்றது கைரேகையும் படமும் எடுக்க. கைரேகைத் திகதியைப் பலர் கவனிப்பதில்லை. அதற்குப் போகாவிட்டால் அதுவே புதுக் குற்றம். போத்தலுக்கு வந்த வழக்கு சின்னது, தவறவிட்ட திகதிக்கு வருகிற பிடியாணைதான் பிள்ளையை விலங்கில் கொண்டுபோகும்.

பொலிஸ் திரும்பக் கூப்பிட்டால், "உண்மையைச் சொல்லிவிட்டு வா, முடிந்துவிடும்" என்று மகனைத் தனியே அனுப்பாதீர்கள். வாக்குமூலம் கொடுக்க முன் லோயரோடும் பெற்றோரோடும் கதைக்கவும், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் அவனுக்கு உரிமை உண்டு. பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டிய இடம் பிறகு வரும். கிரவுண், அதாவது அரச வழக்கறிஞர், நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் திட்டத்துக்குச் சம்மதித்தால், அங்கே அவன் ஏற்றுக்கொள்வதை வழக்கில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. மன்னிப்புக் கடிதம், சில மணி நேரச் சமூக சேவை, ஒரு வகுப்பு போன்றவற்றைச் செய்து முடித்தால் குற்றச்சாட்டு தள்ளுபடியாகும். அவன் சம்மதித்த நாளிலிருந்து 2 வருடத்தில் அந்தப் பதிவைப் பார்க்கும் காலமும் முடியும். லீகல் எய்ட் (அரச சட்ட உதவி) மறுத்து வேறு லோயரும் கிடைக்காவிட்டால், மகன் நீதிபதியிடம் கேட்க வேண்டும். லோயர் ஒழுங்கு செய்ய உத்தரவிடுவது நீதிபதியின் கடமை.

குடிவரவுச் சட்டமும் தெளிவாக இருக்கிறது. இளையோர் சட்டத்தில் கிடைத்த தண்டனையை வைத்து ஒருவரை நாட்டில் இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது.

மருமகனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நீதிமன்றத்தில், "200 டொலர் அபராதம் கட்டினால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றால் கேட்க நல்லாகத்தான் இருக்கும். அதற்குத் தலையாட்டக்கூடாது. இந்தத் திருட்டை கிரவுண் சிறு குற்றமாக நடத்தினாலும், குடிவரவுச் சட்டம் அதைப் பெரிய குற்றமாகவே எடுத்துக்கொள்ளும். பி.ஆர். இல்லாத ஒருவர் மேல் இப்படி ஒரு கன்விக்ஷன், அதாவது குற்றத்தீர்ப்பு, விழுந்தால், அபராதம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கனடாவில் இருக்கும் தகுதி போகும். லோயர் முதலில் கேட்க வேண்டியது டைவர்ஷன், அதாவது வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் திட்டம். அது சரிவந்தால் வழக்கு மீளப் பெறப்படும். கிடைக்காவிட்டால் டிஸ்சார்ஜ், அதாவது குற்றத்தீர்ப்புப் பதியாமல் நீதிபதி விடுவிப்பது. அது கன்விக்ஷன் ஆகாது. அந்த லோயருக்குக் குடிவரவுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும், இதை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். மகனுக்கும் மருமகனுக்கும் ஒரே லோயரைப் பிடிக்காதீர்கள். யார் போத்தலை எடுத்தது என்ற கேள்வியில் இருவரின் நலனும் மோதும்.

கடையின் லோயரிடமிருந்து சில நூறு டொலர் கேட்டு உங்கள் பெயருக்கே ஒரு கடிதம் வரலாம். அது கோர்ட் ஓடர் இல்லை. கட்டினாலும் கட்டாவிட்டாலும் குற்ற வழக்கு அசையாது. 1996இல் மனிடோபா நீதிமன்றம் ஒன்று, பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காக இப்படிப் பணம் கேட்க முடியாது என்று சொல்லி, ஒரு தாய் கட்டிய 225 டொலரைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. ஒன்ராறியோவில் பிள்ளை வேண்டுமென்றே ஏற்படுத்திய நட்டத்துக்குப் பெற்றோரிடம் வழக்குப் போட ஒரு சட்டம் உண்டு. ஆனால் போத்தல் உடையாமல் கடைக்கே திரும்பிப் போயிருந்தால், எது நட்டம் என்பதைக் கடைதான் காட்ட வேண்டும். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் கடதாசியே வந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள், 20 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும்.

மருமகன் விசா நீட்டிக்கும் படிவத்தில், எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டோ குற்றம் சாட்டப்பட்டோ இருக்கிறீர்களா என்ற கேள்வி வரும். வழக்கு மீளப் பெறப்பட்டிருந்தாலும் "ஆம்" என்றே எழுதி, முடிவைக் காட்டும் நீதிமன்றக் கடதாசியை இணைக்கட்டும். "இல்லை" என்று எழுதியது பிடிபட்டால் பொய்த் தகவல் என்று 5 வருடத் தடை வரும்.