ட்ரைசூட்டுக்குள்ள தண்ணி பூந்தா: சுழியோடியிட்டக் கேளுங்க

பிறந்தது பாசிக்குடா, நோர்வேயில மீன் பண்ணைக் கூடுகளுக்குக் கீழ சுழியோடினது பதினொரு வருசம். தெரிஞ்சதச் சொல்றன். ட்ரைசூட் எண்டா குளிர்த் தண்ணிக்குப் போடுற, தண்ணி பூராத சூட்; உள்ளுக்குக் காத்து அடிக்கலாம்.

ஓட்டமாவடி: மட்டக்களப்புக் கடல்ல தாண்டு கிடக்கிற ஹேர்மிஸ் கப்பலப் பார்க்க ட்ரைசூட் வேணுமா அண்ணன்?
வேணாம். இங்க தண்ணி 28 பாகை. அவிஞ்சு போவீங்க.

ஒஸ்லோ: மாமா, போன கிழமை ட்ரைசூட் சிப் விட்டு இடுப்பு வரைக்கும் தண்ணி. கல்லுப் போல தாண்டன். பூந்த தண்ணியின்ட பாரம்தானே?
இல்ல மருமகன். குளத்துக்குள்ள குடத்த நிரப்பித் தூக்கிப் பாருங்க, வாய் வெளிய வரும் வரைக்கும் பாரமே தெரியாது. உங்களத் தாட்டது வெளிய போன காத்து. 10 லீட்டர் காத்துப் போனா 10 கிலோ மிதப்புப் போச்சு. சிப் தோள்ப் பக்கமெண்டா சூட்டுக்கு அடிக்கிற காத்தும் அதே வழியால போயிரும், பிசிடிக்கு (காத்தடிச்சு மிதக்கிற மேலங்கி) அடிங்க. கால்ப் பக்கம் கிழிஞ்சா, நிமிர்ந்து நிண்டீங்களெண்டா நெஞ்சில கொஞ்சம் நிக்கும். தாழுறதுக்குக் கட்டுற ஈயத்தக் கழட்டுறது கடைசி வேலை, கழட்டினா அம்பு போல மேல வருவீங்க. மறுகா குளிர். காத்த விடத் தண்ணி 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்ட உறிஞ்சும். முதல் கசிவிலேயே கிறுகி வாங்க. ஏணியிலதான் அந்தத் தண்ணிக்குப் பாரம் வரும்: 15 லீட்டர், 15 கிலோ. டாங்கியையும் ஈயத்தையும் முதல்ல வள்ளத்துக்குள்ள குடுங்க.

கல்முனை: நான் கணக்கு வாத்தியார். தண்ணிக்குத் திணிவு இருக்கே, அதெப்படி ஒண்டுமில்லையெண்டு சொல்வீங்க?
சேர், திணிவு இருக்கு. அதால நீந்தக் களைக்கும், திரும்ப நேரமெடுக்கும். ஆனா கீழ இழுக்காது. ரெண்டும் வேற வேற.

பொத்துவில்: வாத்தியார் சொல்றதும் சரிதானே?
பாதி சரி. மற்றப் பாதிதான் ஆளப் பயப்படுத்தி ஈயத்தக் கழட்ட வைக்கும்.

வாழைச்சேனை: கடலட்டை பிடிக்க இறங்கிட்டு வந்தா முழங்கை குத்துது.
இது சூட் கேள்வியில்ல, தம்பி. ஆழத்தால வந்தா உடம்புக்குள்ள காத்துக் குமிழி கட்டுற நோயா இருக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, சுழியோடினதெண்டு சொல்லி ஒட்சிசன் கேளுங்க. திரும்ப இறங்காதீங்க.

ஏறாவூர்: ரெட்டை இரும்பு டாங்கியோட ஹேர்மிஸுக்கு இறங்கலாமா?
இதத்தான் ஒவ்வொரு முறையும் கத்துறன். 1942 ஏப்ரல் 9 தாண்ட கப்பல், கிடக்கிறது 53 மீற்றரில. அங்க அமுக்கம் மேல இருக்கிறதப் போல ஆறு மடங்கு, வெட்சூட் (காத்துக் குமிழி உள்ள ரப்பர்ச் சூட்) நசிஞ்சு மிதப்பு அநேகமாப் போயிரும். நிரம்பின ரெண்டு 12 லீட்டர் டாங்கியில காத்து மட்டும் 6 கிலோவுக்குக் கிட்ட. நோர்வேயில விங் (முதுகில கட்டுற மிதப்புக் காத்துப் பை) கிழிஞ்சா ட்ரைசூட் தாங்கும். இங்க ட்ரைசூட் இல்ல, அப்ப ரெண்டாவது மிதப்பு எங்க? ரெட்டைக் காத்துப் பை விங் கட்டுங்க, இல்லாட்டி அலுமினிய டாங்கி எடுங்க.

அக்கரைப்பற்று: சூட் நிரம்பினா எத்தின கிலோ பாரம் கூடும்?
குடம்.

கல்முனை: ஆனாலும் தம்பி, திணிவு...
சேர், ஞாயிறு கல்லடிப் பாலத்தடிக்கு வாங்க. குடம் நான் கொண்டாறன்.