என் பாடங்களை யாரும் கேட்பதில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 63. திருநெல்வேலிக்காரன். மின்வாரியத்தில் 1988இல் சேர்ந்து, உதவிச் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். பழைய பென்ஷன் வருகிறது. கடன் கிடையாது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் உண்டு. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அன்றாடம் நடப்பதில் இருந்து தினம் ஒரு பாடம் எடுத்து நோட்டில் எழுதுவேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் அதில் ஒன்று. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைத்த ஆச்சியின் பொறுமையில் ஒன்று. மறுநாள் காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிடுவேன். ரோஜாப்பூப் படம் போட்டு 'குட்மார்னிங்' சொல்வதைவிட இது எவ்வளவோ மேல் இல்லையா?

ஆனால் மதிப்பார் இல்லை. நான் வாயைத் திறந்தாலே மனைவி "ஆரம்பிச்சிட்டியளா" என்கிறாள். திருச்சியில் இருக்கும் மருமகன் குழுவை மியூட் செய்து வைத்திருக்கிறார். என் தங்கை மட்டும் தவறாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தவறிவிட்டார் என்று போட்ட செய்திக்கும் அதே கட்டைவிரல் வந்தபோதுதான், அவள் எதையும் படிப்பதில்லை என்று புரிந்தது.

இந்த வயதிலும் நான் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன் என்பதையாவது கவனிக்க வேண்டாமா? தாமிரபரணிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிக் கிடந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாடிப்படி நாலே எட்டுத் தூரம், எனக்குக் கால் எழவில்லை. எதிர்வீட்டுப் பையன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தான். கரண்ட் இல்லை, போன் இல்லை. ரயில் ஓடாததால் பெங்களூரில் இருந்து என் மகன் மதுரை வந்து, அங்கிருந்து எப்படியோ வண்டி மாறி மாறி வந்து சேர்ந்தான். லீவு போட்டு உட்கார்ந்து வீட்டுக்குள் இருந்த சேற்றையெல்லாம் அள்ளினான். 'ஆத்தங்கரையில பிறந்துட்டு நீச்சல் கூடத் தெரியாதாப்பா' என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை. நானாகத்தான் முடிவெடுத்தேன், கற்றுக்கொண்டே தீருவது என்று.

நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பவன் என் மகனைவிடச் சின்னப் பையன். மூச்சை அடக்கத்தான் முதலில் கற்றுத் தருவான் என்று நினைத்தால், அவன் தண்ணீருக்குள் தலையை விட்டு மூச்சை வெளியே விடச் சொன்னான். "உள்ள இருக்க காத்தத் தண்ணிக்குள்ளயே விட்டுருங்க சார். மேல வந்துட்டு விடுறது, இழுக்கிறது ரெண்டுக்கும் நேரம் பத்தாது" என்றான். எவ்வளவு பெரிய விஷயம்! நீச்சலுக்கென்றே தனி நோட்டுப் போட்டேன். அவற்றையும் குழுவில் போட்டேன். மருமகன் மியூட்டை எடுக்கவில்லை.

மகனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. முன்பெல்லாம் அவன் இதையெல்லாம் ரசித்துப் படிப்பான், பதிலும் போடுவான். இப்போது அவனும் மாறிவிட்டான். மனைவியோடு பெங்களூரில் இருக்கிறான். மார்ச்சில் அவனுக்கு வேலை போனது. சில மாதம் வேலை எதுவும் கொடுக்காமல் 'பெஞ்சில்' உட்கார வைத்திருந்து, கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். ராத்திரி எனக்குத்தான் போன் பண்ணிச் சொன்னான். நான் அப்போதும் கலங்கவில்லை. மூச்சு விடும் பாடத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். "பழசை வெளிய விட்டாத்தான் புதுசு உள்ள வரும்" என்றேன். மறுநாள், துன்பம் வந்தால் சிரிக்கச் சொல்லும் குறளைப் பொருளோடு அனுப்பினேன். "சரிப்பா" என்றான். அதற்குப் பிறகு அம்மாவோடுதான் பேசுகிறான். நான் அறைக்குள் நுழைந்தால் அவள் "சரி, வைக்கட்டுமா" என்கிறாள். நல்லது சொன்னவனுக்கு இதுதானா மரியாதை?

நண்பர் ஒருவர் இவற்றைப் புத்தகமாகப் போடச் சொல்கிறார். வீட்டில் மியூட் செய்து வைத்திருப்பதை ஊரில் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

சர்க்கரையால் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழ வேண்டியிருக்கிறது. அப்படி எழும்போது போனை எடுத்து, மகன் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது இருந்தான் என்று பார்ப்பேன். பெரும்பாலும் மூன்று மணி, மூன்றரை என்று காட்டும். ஒருநாள் முந்தைய மாலை ஏழு மணியோடு நின்றிருந்தது. அன்று அதற்குமேல் நான் தூங்கவில்லை. காலையில் அவன் ஆன்லைனில் வந்ததைப் பார்த்த பிறகுதான் காபி குடித்தேன். அது இருக்கட்டும்.

என் கேள்வி இதுதான். எப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்? ஆடியோவாகப் பேசி அனுப்பலாமா? சுருக்கமாக எழுத வேண்டுமா? அல்லது காலைச் செய்தியையே நிறுத்திவிடலாமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திருநெல்வேலி.

*

அன்புள்ள ஐயா,

ஆடியோவா, எழுத்தா என்பதைப் பிறகு பார்ப்போம். 'அது இருக்கட்டும்' என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

மருமகன் மியூட் செய்தது உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. மகனுக்காகக் கண்விழித்த இரவு ஒரே இடத்தில், அதுவும் சர்க்கரை நோயின் கணக்கில் வருகிறது. நடுராத்திரி எழுந்திருப்பதற்குச் சர்க்கரை காரணமாக இருக்கலாம். போனை எடுத்து அந்த நேரத்தைப் பார்ப்பதற்கு அது காரணமில்லை. மாலை ஏழு மணியோடு நின்றுபோன அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை என்ன நினைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். பிள்ளை பெற்ற யாருக்கும் அது தெரியும்.

ஆக, மூன்று மணிக்கு அவர் பெங்களூரில் விழித்திருக்கிறார். நீங்கள் நெல்லையில் விழித்திருக்கிறீர்கள். நீங்கள் விழித்திருப்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வேலை போய்விட்டது என்று சொன்ன ராத்திரியில் அப்பா நீச்சலைப் பற்றிப் பேசினார்.

'நல்லது சொன்னவனுக்கு இதுதானா மரியாதை' என்கிறீர்கள். இந்த இடத்தில் நான் உங்கள் மகன் பக்கம்தான். அவர் உங்களை அவமதிக்கவில்லை, ஒதுங்கிக்கொண்டார். ஒன்றாம் தேதி சம்பளம் வராத மாதத்தையே அறியாத அப்பாவிடம், 'என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்' என்று ஒரு மகன் சொல்வது லேசான காரியம் இல்லை. அதிலும் ராஜினாமாவைத் தன் கையாலேயே எழுத வைத்திருக்கிறார்கள். வேலை போனதோடு, தானாகப் போனதுபோல் ஊருக்குக் காட்ட வேண்டிய அவமானமும் சேர்கிறது. அந்தப் போனை அவர் முதலில் உங்களுக்குத்தான் போட்டார், அம்மாவுக்கு அல்ல. அது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை நீங்கள் கவனிக்கவே இல்லை.

அமெரிக்காவில் லேமன், எல்லார்ட், வோர்ட்மன் என்ற மூன்று உளவியலாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாலை விபத்தில் துணையையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களிடம், மற்றவர்கள் செய்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்டார்கள். உதவாதவற்றின் முன்வரிசையில் இருந்தவை அறிவுரையும், சீக்கிரம் தேறி வரச் சொல்லும் ஊக்கமும். உதவியவை, மனதில் இருப்பதைக் கொட்ட இடம் கொடுத்ததும், அதே இழப்பைப் பட்டவர்களோடு பேசக் கிடைத்ததும். எனக்கு அந்த ஆய்வில் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அப்படி எந்த இழப்பும் நேராத மற்றவர்களிடம், 'இப்படி ஒருவர் எதிரில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் சரியாகவே பதில் சொன்னார்கள். அறிவுரை சொல்வோம் என்று சொன்னவர்கள் குறைவு. அப்படியானால் நேரில் மட்டும் ஏன் தவறுகிறது? எதிரில் ஒருவர் உடைந்து நிற்கும்போது நமக்கு ஏற்படும் பதற்றம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. வேலை போவது சாவுக்குச் சமம் இல்லைதான். ஆனால் போனின் இந்த முனையில் நடப்பது ஏறத்தாழ அதேதான். 'நான் கலங்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கலங்கினீர்கள், ஐயா. அந்தக் கலக்கத்தை அடக்கத்தான் மூச்சுப் பாடம் வந்தது. அன்று அது அவரைவிட உங்களுக்குத்தான் தேவைப்பட்டது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரியைச் சொல்லவா? நீச்சல் தெரியாததைப் பற்றி மகன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வரி. அதற்கு அடுத்தே 'நானாகத்தான் முடிவெடுத்தேன்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மண்வெட்டியோடு நின்ற அன்று அவர் உங்களுக்கு வெள்ளத்தின் படிப்பினைகளை விளக்கியிருந்தால் நீங்கள் குளத்துப் பக்கம் போயிருப்பீர்களா? உங்கள் குணத்துக்கு, நிச்சயம் போயிருக்க மாட்டீர்கள். அவர் பேசாமல் சேற்றை அள்ளினார். வீடு காய்ந்த பிறகு, உங்களுக்கு வேண்டியதை நீங்களே கண்டுபிடித்தீர்கள். மகனுக்கு இன்னும் தண்ணீரே வடியவில்லை. அவர் எதைக் கற்றுக்கொள்வார், கற்றுக்கொள்ள அதில் ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் அவர் பாடு. ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஒரு கம்பெனி ஆட்களைக் குறைத்தது, அதில் இவர் பெயர் இருந்தது, அவ்வளவோடும் முடியலாம்.

நோட்டு எழுதுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல பழக்கம். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் கல்லூரி மாணவர்களை அடுத்தடுத்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவங்களை எழுதச் சொன்னார். மேலோட்டமான விஷயங்களை எழுதியவர்களோடு ஒப்பிட்டபோது, மனதில் பட்டதையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். அவர்கள் அதை யாருக்கும் அனுப்பவில்லை. முத்தாய்ப்பாக ஒரு நீதியும் வைக்கவில்லை. உங்கள் நோட்டில் பால் பொங்கிய நாள் இருக்கிறது, ரேஷன் கடை ஆச்சி இருக்கிறார். மார்ச் மாதத்து அந்த ராத்திரி இருக்கிறதா? இருந்தால் அதில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை எழுதிப் பாருங்கள். பாடம் என்ற தலைப்பு வேண்டாம். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று தொடங்கி, வருவதை எழுதுங்கள்.

உங்கள் மனைவி 'வைக்கட்டுமா' என்பதையும் தப்பாக எடுக்காதீர்கள். மகன் மனம்விட்டுப் பேச இப்போது இருக்கும் ஒரே இடம் அவர். அதைக் காபந்து பண்ணுகிறார். என்ன பேசினீர்கள் என்று அவரைத் துருவ வேண்டாம். நீங்களே பேசுங்கள்.

என்ன பேசுவது? "ராத்திரி நீ முழிச்சிருக்கது எனக்குத் தெரியும். நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உன்ன நினைச்சாப் பயமா இருக்கு." இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதுதான் சிரமம், நீச்சலைவிடச் சிரமம். மறுமுனையில் அமைதி நீளும். அந்த இடைவெளியில் ஒரு குறள் உங்கள் நாக்கு நுனி வரை வரும். அதை வெளியே விடாதீர்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால், "சரி, நாளைக்கு கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு மறுநாள் கூப்பிடுங்கள்.

மூன்று மணி வரை விழித்திருப்பதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு கட்டவில்லை. வேலை தேடுகிறவர்களுக்கு, அதிலும் மாதத் தவணை கட்ட வேண்டியவர்களுக்கு, தூக்கம் முதலில் கெடும். ஆனால் பேச்சில் 'நான் இருந்து என்ன' என்பது போல ஏதாவது வந்தாலோ, உங்களை அரிக்கும் அந்தச் சந்தேகம் தீராவிட்டாலோ, "சாகணும்னு தோணுதாப்பா" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது. மருமகளிடம் சொல்லிவிட்டு, அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களும் அதே எண்ணைக் கூப்பிடலாம்.

காலைச் செய்தியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மருமகன் மியூட்டிலேயே இருக்கட்டும், பெரிய குற்றமில்லை. மகனுக்குத் தனியாக அனுப்புவதை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உங்களுக்குக் கடன் இல்லை, பென்ஷன் வருகிறது. மாதத் தவணை ஏதும் உண்டா, எவ்வளவு என்று மகனிடம் கேட்டிருக்கிறீர்களா? உங்களால் முடிந்தது எவ்வளவு என்று முதலில் மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பிறகு அவரிடம் கேளுங்கள்.

நாகர்கோவில்–பெங்களூரு ரயில் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. இரண்டு பேருமாக ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வரலாம். டிக்கெட் போடும் முன் மருமகளிடம் தோதுப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரத்து மளிகை, காய்கறிச் செலவை நீங்கள் பார்த்துக்கொள்வதாக அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.